ராட் போய் கிரே வந்த கதை: கதிர்வீச்சை எடைபோட்ட ஹரால்ட் கிரே யார்?

கதிர்வீச்சை அளக்கும் புதிய கருவி ஒன்று மணிக்கு 0.1 மைக்ரோகிரே என்று காட்டுகிறது. அதே இடத்தில் பழைய கருவி மணிக்கு 0.01 மில்லிராட் என்கிறது. எது சரி? இரண்டுமே சரிதான். அளவு ஒன்று, அலகுதான் வேறு. இதில் கிரே என்பது ஒரு மனிதரின் பெயர்.

யார் இந்த கிரே?

லூயிஸ் ஹரால்ட் கிரே 1905-ல் லண்டனில், வசதி குறைந்த குடும்பத்தில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். உதவித்தொகையை நம்பியே பள்ளிப் படிப்பு, பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே ரூதர்ஃபோர்டு தலைமை வகித்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் சேர்ந்தார். அணு இயற்பியலில் அன்றைக்கு அதைவிடப் பெரிய இடம் கிடையாது.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு திடப்பொருள் கதிர்வீச்சிலிருந்து எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது? பொருளுக்குள் நேரடியாக அளக்க முடியாது. அதற்குள் சின்னதாக ஒரு வாயுக் குழி வைத்து, அந்த வாயுவில் உண்டாகும் மின்னூட்டத்தை அளந்தால் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார். பிராக்-கிரே கோட்பாடு என்று இன்றும் மருத்துவ இயற்பியல் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன இயற்பியலாளர்

1933-ல் லண்டனை அடுத்த மவுண்ட் வெர்னான் மருத்துவமனையில் இயற்பியலாளராகச் சேர்ந்தார். புற்றுநோய்க்கு எக்ஸ்ரே, ரேடியம் சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலம். அப்போதைய அலகு ராண்ட்ஜன். அது காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தைத்தான் சொல்லும். நோயாளியின் திசு எவ்வளவு வாங்கியது என்று சொல்லாது. நியூட்ரானுக்கோ அது பொருந்தவே பொருந்தாது.

கிரேவும் ஜான் ரீடும் சேர்ந்து நியூட்ரான் கருவி ஒன்றைக் கட்டினார்கள். பீன்ஸ் வகைச் செடியின் வேர்களில் கதிர்களைப் பாய்ச்சி, வளர்ச்சி எவ்வளவு தடைபடுகிறது என்று ஒப்பிட்டார்கள். திசு உள்வாங்கிய ஆற்றலையே அடிப்படையாகக் கொண்ட ஓர் அலகை 1940-ல் முன்வைத்தார்கள். இதே எண்ணத்தில்தான் 1953-ல் ராட் என்ற அலகு வந்தது: ஒரு கிராமுக்கு 100 எர்க்.

ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கும் செல்கள் கதிர்வீச்சுக்குச் சீக்கிரம் சாகும், ஆக்சிஜன் குறைந்த செல்கள் தாக்குப்பிடிக்கும் என்பதைப் புற்றுநோய் சிகிச்சையோடு இணைத்து கிரே குழு எழுதிய கட்டுரையும் 1953-ல்தான் வெளியானது. கட்டியின் உட்பகுதி ஏன் சிகிச்சைக்கு மசியாமல் நிற்கிறது என்பதற்கு அது ஒரு விளக்கம் தந்தது.

1965-ல் கிரே காலமானார். பத்து வருஷம் கழித்து, 1975-ல், அவர் பெயரில் அலகு அறிவிக்கப்பட்டது. 1 கிரே என்றால் ஒரு கிலோவுக்கு 1 ஜூல்.

மாற்றுவது எப்படி?

* 1 கிரே = 100 ராட். ராடை 100-ஆல் வகுத்தால் கிரே.
* 1 மில்லிராட் = 10 மைக்ரோகிரே. மணிக்கு 50 மில்லிராட் என்றால் மணிக்கு 500 மைக்ரோகிரே, அதாவது 0.5 மில்லிகிரே.
* 1 சென்டிகிரே = 1 ராட். ராடில் பழகிய டாக்டர்கள் சென்டிகிரே என்று சொல்வது இந்த வசதிக்காகத்தான்.
* வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மணிக்கு 0.1 மைக்ரோகிரே என்றால் வருஷத்துக்கு 876 மைக்ரோகிரே, கிட்டத்தட்ட 0.9 மில்லிகிரே.

எங்கே தவறு நடக்கும்?

வேகத்தையும் மொத்த அளவையும் குழப்பிக்கொள்வதில்தான். சிகிச்சைக் கருவி நிமிடத்துக்கு 2 கிரே தருகிறது என்று வையுங்கள். மணிக்கணக்கில் அது 120 கிரே. கேட்டால் பகீரென்று இருக்கும். ஆனால் கருவி ஓடுவது ஒரே நிமிடம். கட்டி வாங்குவது 2 கிரே. எவ்வளவு நேரம் என்பது தெரியாமல் வேகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அதே அளவு கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கிரேயும் சீவெர்ட்டும் ஒன்றா? எக்ஸ்ரே, காமா கதிர்களுக்கு எண் ஒன்றாகவே வரும். ஆல்ஃபா துகள் என்றால் 20-ஆல் பெருக்க வேண்டும். கிரே சொல்வது ஆற்றலை, சீவெர்ட் சொல்வது உடலுக்கான ஆபத்தை.

இந்த ஆற்றல் எவ்வளவு சின்னது தெரியுமா? உடல் முழுக்க ஒரே நேரத்தில் 4 கிரே பாய்ந்தால், சிகிச்சை இல்லாதபட்சத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆற்றல் உடல் சூட்டை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூட்டும். ஒரு ஸ்பூன் சூடான டீ அதைவிட அதிகச் சூட்டைத் தரும். கிரே அளந்தது இவ்வளவு நுண்ணிய ஒன்றை. இதில் தசமப் புள்ளி இரண்டு இடம் தள்ளிப்போனால், சிகிச்சை அளவே உயிரை எடுக்கும் அளவாகிவிடும். அதனால் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.