தீவுகளில் கிடைத்த விடை

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூரில் வந்து இறங்கிய ஆங்கிலேயர் ஒருவர், நகரத்தில் அதிக நாள் தங்கவில்லை. புக்கிட் தீமா காட்டை ஒட்டியிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தின் பாதிரியாரிடம் தங்க இடம் கேட்டுப் பெற்றார். அவருக்கு அப்போது வயது 31. உயரமான உருவம், மூக்குக் கண்ணாடி, கையில் வலை. சார்ல்ஸ் ஆலன் என்னும் பதின்ம வயதுச் சிறுவன் ஒருவனும் உதவிக்காக அவருடன் வந்திருந்தான். அந்த ஆங்கிலேயரின் பெயர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். அவர் வண்டு பிடிக்க வந்திருந்தார்.

அது பொழுதுபோக்கு அன்று, அவருடைய தொழில். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து குளிப்பார். காப்பி அருந்திவிட்டு, முந்தைய நாள் பிடித்த பூச்சிகளை வரிசைப்படுத்தி உலர வைப்பார். ஒன்பது மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தால், பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் வியர்வையில் நனைந்து திரும்புவார். பெரும்பாலான நாள்களில் 50, 60 வண்டுகள் கிடைத்துவிடும். பிறகு அவற்றை ஊசியில் குத்திப் பதப்படுத்தும் வேலை தொடங்கும். ஈக்களையும் குளவிகளையும் சார்ல்ஸிடம் ஒப்படைப்பார். வண்டுகளைத் தொட மட்டும் தொடக்கத்தில் அவனை விடவில்லை.

அக்காலத்தில் புக்கிட் தீமாவில் புலிகள் நடமாடின. புலிகளைப் பிடிப்பதற்காகக் காட்டில் ஆழமான குழிகளை வெட்டி, இலை தழைகளால் மூடி வைத்திருந்தார்கள். வண்டைத் தேடிக் கீழே பார்த்து நடப்பவர் அக்குழிகளையும் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. ஆனால், அந்தக் காடு வாலஸுக்கு வாரி வழங்கியது. சீன மரவெட்டிகள் வெட்டிப் போட்ட மரங்களில் வண்டுகள் மொய்த்தன. ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில், இரண்டே மாதங்களில், 700 வகை வண்டுகளை அவர் சேகரித்தார். அவற்றுள் பல அறிவியலுக்கு அதுவரை அறிமுகம் ஆகாதவை.

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், வேல்ஸ் பகுதியில் அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்தில் பணத் தட்டுப்பாடு இருந்ததால், பதினான்கு வயதிலேயே அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுபோனது. அண்ணனிடம் நில அளவைத் தொழில் கற்றுக்கொண்டார். வயல்வெளிகளில் நடந்து நடந்து, செடிகளின் பெயர்களைத் தாமே புத்தகம் பார்த்துப் படித்தார். பின்னர் லெஸ்டர் நகரில் சில காலம் ஆசிரியராக வேலை பார்த்தபோது, ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞர் அவருக்கு வண்டு சேகரிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த நகரத்து நூலகத்தில்தான், மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூலையும் அவர் படித்தார். அதன் பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

1848இல் வாலஸும் பேட்ஸும் தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டார்கள். வாலஸ் அங்கு நான்கு ஆண்டுகள் உழைத்தார். அவருக்குத் துணையாக வந்த தம்பி ஹெர்பர்ட், மஞ்சள் காய்ச்சலால் இறந்துபோனார். 1852இல் தாயகம் திரும்பும் வழியில், நடுக்கடலில் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. ஒரு தகரப் பெட்டியில் இருந்த சில ஓவியங்களும் குறிப்புகளும் மட்டுமே மிஞ்சின. பறவைகள், பூச்சிகள், நாட்குறிப்புகள் எல்லாம் கண்ணெதிரே எரிந்தன. பத்து நாள் திறந்த படகில் தத்தளித்த பிறகு, வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. நல்ல வேளையாக, இலண்டனில் அவருடைய முகவராக இருந்த சாமுவேல் ஸ்டீவன்ஸ் அந்தச் சரக்கை 200 பவுனுக்குக் காப்பீடு செய்து வைத்திருந்தார். இனிக் கடற்பயணமே வேண்டாம் என்று முடிவு செய்த வாலஸ், இரண்டு ஆண்டுகள்கூட ஆகும் முன்பே சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார்.

செல்வந்தர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இயற்கையை ஆராய்ந்த காலம் அது. வாலஸோ, பிடித்ததை விற்றுத்தான் சாப்பிட வேண்டும். ஒரு வகையில் ஒன்று பிடித்தால் போதாது. அருங்காட்சியகத்துக்கு ஒன்று, செல்வந்தர்களுக்குச் சில, தமக்கெனச் சில என்று ஒரே வகையில் பத்து, இருபது சேகரிப்பார். அப்படி அவற்றை மேசையில் பரப்பி வைத்தபோது, வீட்டில் இருந்து படிப்பவர் கண்ணில் எளிதில் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு உயிர்கள்கூட அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் சிறகு சற்று நீளம். ஒன்றின் நிறம் சற்று அடர்த்தி. ஒன்றின் அலகு சற்றுக் கூர்மை. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலை, அவருடைய கண்ணுக்குப் பயிற்சியாக அமைந்தது.

ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியாகப் படைக்கப்பட்டது, அது என்றும் மாறாது என்றே அன்று பெரும்பாலோர் நம்பினர். மாறக்கூடும் என்று சிலர் எழுதியிருந்தாலும், எப்படி மாறும் என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை. வாலஸ் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வலை வீசினார்.

மலாக்காவுக்குச் சென்று குனோங் லேடாங் மலையில் ஏறிய பின், 1854ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சரவாக் சேர்ந்தார். மழைக்காலத்தில் சந்துபோங் மலையடிவாரத்தில் ஒரு சிறு வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புதிய இனம் தோன்றினால், அதை ஒத்த பழைய இனம் ஒன்று அதே வட்டாரத்தில் முன்பே இருந்திருக்கும் என்பதே அதன் கருத்து. மரத்தில் கிளை விடுவதுபோல் இனங்கள் கிளைத்து வருகின்றன என்று அவர் விளக்கினார். ஆனால், கிளைக்கச் செய்வது எது? அதற்கு அப்போது அவரிடம் விடை இல்லை.

சரவாக்கில் அவர் ஒராங் ஊத்தான்களைச் சுட்டு, தோலையும் எலும்பையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். இன்று அது சட்டப்படி குற்றம். அன்று அதுவே ஆராய்ச்சி. அவர் சுட்ட ஒரு தாயிடம் மிகச் சிறிய குட்டி ஒன்று இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பால் கிடைக்காததால் கஞ்சித் தண்ணீர் ஊட்டினார், குளிப்பாட்டித் துடைத்துவிட்டார், பிடித்துத் தொங்க ஏணி ஒன்று செய்து கொடுத்தார். ஏறத்தாழ மூன்று மாதம் வளர்ந்த அந்தக் குட்டி, நோயுற்று இறந்தது. அதைப் பற்றித் தம் நூலில் அவர் பல பக்கங்கள் எழுதியிருக்கிறார்.

சரவாக்கில்தான் அலி என்ற மலாய் இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமையல்காரராக வந்தவர், விரைவில் பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டார். காய்ச்சலில் விழுந்த வாலஸைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. பின்னாளில் பச்சான் தீவில், மார்பில் பச்சை நிறம் மின்ன, தோள்களில் நீண்ட வெள்ளை இறகுகள் கொண்ட ஒரு சொர்க்கப் பறவையை அலி கொண்டுவந்து கொடுத்தார். இன்று அப்பறவைக்கு வாலஸின் பெயரே வழங்குகிறது. அதை முதலில் கண்டுபிடித்தவர் அலிதான்.

1856இல் வாலஸ் மக்காசார் செல்ல விரும்பினார். நேரடிக் கப்பல் கிடைக்காததால் பாலி வழியாக லொம்போக் தீவுக்குப் போனார். அந்தச் சுற்றுவழி அவருடைய நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். பாலியில் ஆசியக் காடுகளின் மரங்கொத்திகளையும் குக்குறுவான்களையும் பார்த்தார். குறுகிய கடலைத் தாண்டி லொம்போக்கில் இறங்கியதும், ஆஸ்திரேலியாவுக்கு உரிய வெள்ளைக் கொண்டைக்கிளிகள் பறந்தன. ஒரு தீவில் நின்றால் மற்றத் தீவின் மலை தெரியும். தட்பவெப்பமும் ஏறத்தாழ ஒன்றே. பிறகு ஏன் உயிரினங்கள் மட்டும் வேறுபட வேண்டும்? இடைப்பட்ட கடல் மிக ஆழமானது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் பாலி, ஜாவா, சுமத்ரா, போர்னியோ எல்லாம் ஆசிய நிலப்பரப்போடு ஒட்டியிருந்தன. அப்போதும் லொம்போக் தனியாகவே இருந்தது. இடத்துக்கு ஏற்ற உயிரை அங்கங்கே படைத்திருந்தால் இப்படி இருக்காது. உயிரினங்களுக்கும் குடிபெயர்ந்த வரலாறு உண்டு என்பது அவருக்குத் தெளிவானது. அந்த எல்லையை இன்று வாலஸ் கோடு என்கிறோம்.

1858 பிப்ரவரியில், தெர்னாத்தே தீவைத் தளமாகக் கொண்டிருந்தபோது, வாலஸைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. வெப்பமண்டலத் தீவில், போர்வைக்குள் நடுங்கியபடி படுத்திருந்தார். படுக்கையில் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. லெஸ்டரில் படித்த மால்தஸின் நூல் அப்போது நினைவுக்கு வந்தது. நோயும் பஞ்சமும் போரும் மக்கள்தொகை பெருகாமல் தடுக்கின்றன என்பது மால்தஸின் வாதம். விலங்குகளுக்கும் அப்படித்தானே என்று வாலஸ் எண்ணினார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சோடிப் பறவை ஆண்டுக்கு நான்கு குஞ்சு பொரிக்கிறது, எதுவும் சாகவில்லை, குஞ்சுகளும் மறு ஆண்டே சோடி சேர்ந்து அதேபோல் பெருகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்தே ஆண்டுகளில் அந்த இரண்டு பறவைகள் 118,098 பறவைகளாகிவிடும். உண்மையில் காட்டில் பறவைகளின் எண்ணிக்கை அப்படிக் கூடுவதில்லை. அப்படியானால் பிறப்பவற்றில் பெரும்பாலானவை வளரும் முன்பே மடிகின்றன. யார் மடிவது, யார் பிழைப்பது?

அந்தக் கேள்வி எழுந்தபோது, மேசையில் பரப்பி வைத்த பூச்சிகள் கைகொடுத்தன. எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பதை அவர் ஆயிரம் முறை பார்த்தவர். அந்தச் சிறு வேறுபாடுதான் சில வேளைகளில் உயிரைக் காக்கிறது. வேகமாக ஓடுவது புலிக்குத் தப்பும். நன்றாக மறைந்துகொள்வது பறவையின் கண்ணுக்குத் தப்பும். தப்பியது குட்டி போடும். அந்தத் தன்மை குட்டிக்கும் வரும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால், சிறு வேறுபாடுகள் சேர்ந்து சேர்ந்து ஒரு புதிய இனமே உருவாகிவிடும். யாரும் திட்டமிட வேண்டியதில்லை. எந்த விலங்கும் மாற வேண்டும் என்று ஆசைப்பட வேண்டியதும் இல்லை. இதுவே இயற்கைத் தேர்வு.

இதற்கு அழகான சான்று ஒன்றைப் பின்னர் அவர் சுமத்ராவில் கண்டார். பறக்கும்போது பளிச்சென்று தெரியும் ஒரு வண்ணத்துப்பூச்சி, செடியில் அமர்ந்து சிறகை மூடியதும் காணாமல் போய்விடும். சிறகின் அடிப்பக்கம் காய்ந்த இலை போலவே இருக்கும். நடுநரம்பும் காம்பும் இருக்கும். பூஞ்சை பிடித்த புள்ளிகள்கூட இருக்கும். பல்லாயிரம் தலைமுறைகளில், இலையைப் போல் சற்றுக் குறைவாக இருந்தவற்றைப் பறவைகள் கொத்திச் சென்றன. சற்றுக் கூடுதலாக இருந்தவை எஞ்சின.

காய்ச்சல் தணிந்ததும் அன்று மாலையே குறிப்பெடுத்தார். அடுத்த இரண்டு மாலைகளில் கட்டுரையை எழுதி முடித்து, இங்கிலாந்தில் இருந்த சார்ல்ஸ் டார்வினுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஜூன் மாதம் அதைப் பிரித்துப் படித்த டார்வின் அதிர்ந்துபோனார். இதே கருத்தை இருபது ஆண்டுகளாக அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார், எழுதியும் வைத்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. கட்டுரையை ஒளித்துவிட்டுத் தம் நூலை முந்தி வெளியிட அவரால் முடிந்திருக்கும். அப்படிச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. நண்பர்களான லயெலிடமும் ஹூக்கரிடமும் பொறுப்பை விட்டார்.

1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவருடைய எழுத்துகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. எழுதிய இருவருமே அங்கு இல்லை. டார்வின் மூன்று நாள்களுக்கு முன்புதான் தம் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார். வாலஸோ கடல்களுக்கு அப்பால், தம் கட்டுரை வாசிக்கப்படுவதே தெரியாமல், பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இசைவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்த கழகத் தலைவர், குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று அறிவித்தது தனி வேடிக்கை.

செய்தி அறிந்த வாலஸ் கோபப்படவில்லை, பெருமைப்பட்டார். மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தபோது அதை மனமாரப் பாராட்டினார். 1862இல் தாயகம் திரும்பியபோது அவருடைய சேகரிப்பு 125,660 உயிரினங்களை எட்டியிருந்தது. அவற்றுள் 83,200 வண்டுகள். மலாய்த் தீவுகளைப் பற்றி 1869இல் எழுதிய நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். மனித மனத்தின் தோற்றத்தை இயற்கைத் தேர்வு மட்டும் விளக்காது என்று பின்னர் வாலஸ் வாதிட்டதில் இருவரும் முரண்பட்டனர்; நட்பு முறியவில்லை.

புகழ் வந்தாலும் பணம் நிற்கவில்லை. முதலீடுகளில் நட்டம் கண்டார்; நிலையான வேலை கிடைக்கவில்லை; தேர்வுத்தாள் திருத்தியும் நூல்கள் எழுதியும் குடும்பம் நடத்தினார். 1881இல், டார்வின் முன்னின்று முயன்றதால், ஆண்டுக்கு 200 பவுன் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டு டார்வின் இறந்தபோது, சவப்பெட்டியுடன் சென்றவர்களுள் வாலஸும் ஒருவர்.

1907இல் தெர்னாத்தேயில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவரை முதியவர் ஒருவர் தெருவில் நிறுத்தி, தம் பெயர் அலி வாலஸ் என்று சொன்னார். ஆய்வாளர் அவரைப் படம் பிடித்து வாலஸுக்கு அனுப்பி வைத்தார். காய்ச்சலில் அலி தம் உயிரைக் காத்ததை நினைவுகூர்ந்து, மகிழ்ச்சியோடு வாலஸ் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை ஆய்வாளர் பின்னர் தொலைத்துவிட்டார்.

1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், 90ஆம் வயதில் வாலஸ் காலமானார். அவர் பிடித்த வண்டுகளுள் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. பிடித்த இடத்தின் பெயர், ஊசியில் கோத்த சிறு வட்டத் தாளில் குறிக்கப்பட்டிருக்கிறது.