சுகுண விலாச சபை கண்ட பம்மல் சம்பந்த முதலியார்

பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்குக் கூடி, ஆண்டு விழாவன்று அரிதாரம் பூசி மேடையேறுவது நம் போன்ற தமிழ்ச் சங்கங்களில் வேரூன்றிவிட்ட வழக்கம். ரயில்வேயிலோ வங்கியிலோ பணிபுரியும் அன்பர் ஒருவர் அரசராக வேடம் புனைந்தால், அவர்தம் மனைவி மக்கள் முன்வரிசையில் அமர்ந்து பெருமிதத்தோடு கண்டு களிக்கின்றனர். ஆனால் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் இது நினைத்தற்கும் அரிய செயலாக இருந்தது. கற்றவர் நடிப்பதா என்று குடும்பமே தலை குனிந்த காலம் அது. அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் பம்மல் சம்பந்த முதலியார்.

1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர். தமிழ் நூல்களை வெளியிட்டவர். எனவே இல்லத்தில் நூல்களுக்குக் குறைவில்லை. ஆயினும் இளமையில் சம்பந்தனாருக்குத் தமிழ் நாடகத்தின்மீது பற்று இருந்ததில்லை. வெறுப்பே இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். அக்காலக் கம்பெனி நாடகங்கள் விடிய விடிய நடைபெறுவன. கதை நகர்வதே பாட்டால்தான். நடிகர்களைக் கூத்தாடிகள் என்று உலகம் இகழ்ந்தது.

அவர் மனத்தைத் திருப்பியது தமிழ் நாடகமன்று, தெலுங்கு நாடகம். பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் 1891இல் சென்னைக்கு வந்து சில நாடகங்களை ஆடினர். அச்சபையின் தலைவர் தருமவரம் கிருஷ்ணமாசார்லு ஒரு வக்கீல். நீதிமன்றத்தில் வாதிடும் கனவான் ஒருவர் கூச்சமின்றி மேடையில் நடிப்பதைக் கண்ட பதினெட்டு வயது மாணவருக்கு, தமிழிலும் இது ஏன் கூடாது என்ற எண்ணம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி, நண்பர் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார்.

சபை தோன்றிவிட்டது, ஆடுவதற்கு நாடகம் வேண்டுமே! கம்பெனி நாடகங்களை அப்படியே எடுத்தாள இயலாது. சங்கீதத்தில் தேர்ச்சியற்றவருக்கு அவற்றில் இடமில்லை. எனவே தாமே எழுதத் தொடங்கினார். பாட்டைக் குறைத்து வசனத்தை முதன்மையாக்கினார். இம்மாறுதலை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஒரு புது நடை என்று மட்டும் குறித்துவிட்டுச் செல்வதுண்டு. என் கருத்தில் அது அதனினும் பெரிது. குரல்வளம் இல்லாத குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் வழக்கறிஞருக்கும் மேடையின் கதவு திறந்தது அதனாலேதான்.

1895இல் வந்த 'மனோகரா' அவருக்குப் பெரும் புகழ் தந்தது. தாசியின் மோகத்தில் அறிவிழந்த மன்னன். அவமதிக்கப்பட்ட அரசி பத்மாவதி. அன்னையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சினத்தை அடக்கிக்கொள்ளும் மகன் மனோகரன். அவன் விலங்கறுத்துப் பொங்கி எழும் காட்சியில் நடித்துப் பார்க்க விழையாத இளைஞர் அக்காலத்தில் அரியர். பாலர் கம்பெனிகளும் இதனை விரும்பி ஆடின. 1954இல் திரைப்படமாகவும் வந்ததை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. வெனிஸ் நகர வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை.

மாதர் மேடையேறாத காலமாதலின் ஆடவரே பெண் வேடம் தாங்கினர். சம்பந்தனாருக்கு இணையாக நெடுங்காலம் நாயகி வேடம் பூண்டவர் ரங்கவடிவேலு. இவ்விருவர் நட்பும் தனியே ஒரு நூலுக்குரியது. சத்தியமூர்த்தி, ஆர். கே. சண்முகம் செட்டியார் முதலிய பெரியோரும் இச்சபையில் நடித்தவர்களே. இந்தியாவின் முதல் நிதியமைச்சர் வேடமிட்டு ஆடியவர் என்பது இன்றைய இளைஞருக்கு வியப்பளிக்கலாம்.

சபையினர் கடல் கடந்து இலங்கைக்கும் சென்றனர். அங்கு வாழ்ந்த தமிழரிடையே அது புத்தூக்கம் ஊட்டிற்று. 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. அதன் முன்னோடியான கலையரசு சொர்ணலிங்கம், சம்பந்தனாரையே தம் குருவாகக் கொண்டார்.

இத்தனைக்கும் இவர் தொழில் வழக்கறிஞர் தொழிலே. நடிகர் என்று ஊரறிந்த இவரை 1924இல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாக நியமித்தனர். 1928 வரை அப்பதவி வகித்தார். பழைய ஏளனத்துக்கு இதனினும் தக்க மறுமொழி இல்லை.

சபையின் பிற்கால வரலாறு அத்துணை மகிழ்ச்சி தருவதன்று. விக்டோரியா பப்ளிக் ஹாலிலிருந்து மவுண்ட் ரோட்டுக்குப் பெயர்ந்தபின், நாளடைவில் நாடகம் தேய்ந்து, கனவான்கள் பொழுதுபோக்கும் மன்றமாக அது மாறிற்று. இடமும் பணமும் சேர்ந்தன. ஒத்திகைக்கு ஆள் குறைந்தது.

1959இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1964 செப்டம்பரில், தொண்ணூற்றொன்றாம் வயதில் மறைந்தார். 'நாடக மேடை நினைவுகள்' என ஆறு பாகங்களில் தம் அனுபவங்களை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். நடிப்புப் பயில விழைவோர்க்கென்றும் தனி நூல் செய்துள்ளார். நம் குழந்தைகள் ஆடுவதற்கேற்ற நாடகம் தேடும் அன்பர்கள் 'சபாபதி'யைப் புரட்டிப் பார்க்கலாம். அசட்டு ஜமீந்தாரும் அவரினும் அசட்டு வேலைக்காரனும் வரும் அந்த நகைச்சுவைக்கு அரண்மனைத் திரைகளோ மணிமுடிகளோ வேண்டியதில்லை; ஒரு நாற்காலியும் மேசையும் போதும்.