எழுத எண்ணாதவரின் நூல்: குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்

ரோஜா மலர்களையும் பாடுபட்ட சுரூபத்தையும் மார்போடு அணைத்து நிற்கும் புனித தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே அரிது. சிறுமலர் என்று அன்போடு அழைக்கிறோம். அவர் பெயரை நம் பெண் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அக்டோபர் முதல் நாள் அவருக்குத் திருநாள் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தக் கைகள் பேனா பிடித்த கைகள் என்பது நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அவருடைய நூல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்திருக்கிறது. அவரோ ஒரு நூல் எழுதவேண்டுமென்று எண்ணிப் பேனாவைத் தொட்டவரல்லர். அந்நூல் உருவான கதையையே இந்த விழா மலரில் நம் பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தெரேசா 1873 சனவரி 2-ஆம் நாள் பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி அவ்வூருக்கே பெயர் வாங்கித் தந்த ஊசிப்பின்னல் சரிகையைச் செய்வித்து விற்றவர். (இப்பெற்றோர் இருவரும் 2015-இல் ஒருங்கே புனிதர் பட்டம் பெற்றதை நாம் அறிவோம்.) நான்கு வயதில் தாயை இழந்தார். பின்னர் குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெனடிக்டைன் கன்னியர் பள்ளியில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் படித்தார். அந்தப் படிப்பும் மகிழ்ச்சியாக அமையவில்லை. கட்டுரை நன்றாக எழுதுவார். எழுத்துப் பிழையோ கூடவே வரும். பதின்மூன்று வயதில் பள்ளி நின்றது. மீதியை ஓர் அம்மையாரிடம் தனிப்பாடமாகக் கற்றார். பதினைந்து வயதில், 1888 ஏப்ரல் 9 அன்று, லிசியே கார்மேல் மடத்துக் கதவு அவருக்குப் பின்னால் அடைபட்டது. அதற்குமேல் கல்லூரி, நூலகம், இலக்கிய நண்பர் என்று எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

மடத்துக்குள் அவர் எழுதத் தொடங்கியதும் பிறர் கேட்டதால்தான். 1893-இல் ஒரு சகோதரி கேட்டுக்கொண்டபடி முதல் கவிதையை எழுதினார். பிறகு, தலைவியின் திருநாளா, புகுமுகக் கன்னியின் வார்த்தைப்பாடா, தெரேசாவிடம் சொல்லிவிட்டால் தெரிந்த இராகத்தில் பாட்டு வந்துவிடும் என்றாகிவிட்டது. நம் பங்கில் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு யாரேனும் ஒருவர் தலையில் எல்லாம் விழுவதில்லையா, அதுபோலத்தான். இவ்வாறு ஐம்பதுக்கு மேற்பட்ட கவிதைகளும் எட்டு நாடகங்களும் பிறந்தன. அவற்றை இலக்கியத்தின் சிகரங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் சொல்லைக் கையாளும் பயிற்சியை அவை அவருக்குத் தந்தன என்பது நம் கருத்து.

1894-ஆம் ஆண்டின் இறுதி. குளிர்கால இரவொன்றில் ஓய்வு நேரத்தில் மார்ட்டின் சகோதரிகள் சேர்ந்திருந்தார்கள். தெரேசா சிறுவயது நிகழ்ச்சிகளைச் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த அக்காள் மரியாவுக்கு ஓர் எண்ணம் உதித்தது: பாட்டும் நாடகமும் எழுதும் இவள் நம் வீட்டு நினைவுகளை எழுதித் தந்தால் என்ன? இரண்டாவது அக்காள் பவுலின் அப்போது ஆக்னெஸ் அன்னை என்ற பெயரில் மடத்தின் தலைவியாக இருந்தார். தம்மைக் கேலி செய்கிறார்கள் என்றெண்ணித் தெரேசா சிரித்தார். தலைவி சற்றுத் தயங்கியபின், எழுதும்படி கட்டளையாகவே சொல்லிவிட்டார். அக்காளின் விருப்பம் கீழ்ப்படிதலின் கடமையாயிற்று.

1895 முழுவதும், இரவுச் செபத்துக்குப் பிறகு கிடைத்த சிறிது நேரத்திலும் திருநாள் ஓய்விலும் எழுதினார். தம் அறையில் தாழ்ந்த இருக்கையொன்றில் அமர்ந்து, மடியில் எழுதுபலகையை வைத்துக்கொண்டு, சிறு விளக்கொளியில், பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அடித்துத் திருத்தியதும் மிகக் குறைவு. 1896 சனவரி 20 மாலை, செபக்கூடத்தில் முழந்தாளிட்டுத் தலைவியிடம் நோட்டை நீட்டினார். தலைவி தலையசைத்து வாங்கித் தம் இருக்கையில் வைத்தார். பிரித்துப் பார்க்கவில்லை, ஏறத்தாழ இரண்டு மாதம் அது அப்படியே கிடந்தது. என்ன ஆயிற்று என்று தெரேசா ஒருநாளும் கேட்கவில்லை. எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்காமல் இருப்பது எத்துணைக் கடினம் என்பதை, இதுபோன்ற மலர்களுக்குக் கட்டுரை தருகிற நாம் நன்றாகவே அறிவோம்!

அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று அதிகாலையில் அவருக்கு இரத்த வாந்தி வந்தது. காசநோய். அதைவிடக் கொடிது, பாஸ்காக் காலத்திலேயே அவரது விசுவாசத்தின்மேல் கவிந்த இருள். வானகம் உண்டு என்ற எண்ணம் குழந்தைப் பருவத்திலிருந்து அவருக்கு மூச்சுப்போல இருந்தது. இப்போது அதுவே சுவராகி நின்றது. அவ்விருள் மரணம்வரை முற்றாக நீங்கவில்லை. இந்நிலையில்தான் 1896 செப்டம்பரில், அக்காள் மரியா கேட்டதற்காகச் சில தாள்களில் தம் அழைத்தலைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அன்பே தம் அழைத்தல் என்று அவர் கண்டுகொண்டதைச் சொல்லும் பக்கங்கள் அவை. இருளிலிருந்து எழுதப்பட்டவை என்பதை மறந்து நாம் அவற்றைப் படித்துவிடுகிறோம்.

இன்னொரு அவமானமும் நேர்ந்தது. லெயோ தக்சில் என்ற எத்தன், டயானா வாகன் என்றொரு பெண் மனந்திரும்பியதாகக் கதைகட்டிப் பிரான்சின் கத்தோலிக்கரை ஆண்டுக்கணக்கில் ஏமாற்றிவந்தான். அந்தப் பெண்ணுக்கு ஊக்கமளிக்க, ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தில் தெரேசா நடித்த காட்சியின் புகைப்படம் மடத்திலிருந்து அனுப்பப்பட்டது. 1897 ஏப்ரல் 19 அன்று பாரிசில் தக்சில் கூட்டம் கூட்டி, எல்லாம் கட்டுக்கதை என்று தானே அறிவித்து நகைத்தான். அன்று அரங்கில் திரையில் காட்டப்பட்டது அந்தப் படமே. டயானா பெயரில் வந்திருந்த கடிதத்தைத் தெரேசா கிழித்துத் தோட்டத்து எருக்குழியில் போட்டார்.

மூன்றாவது பகுதி பிறந்த விதம் விந்தையானது. கார்மேல் சபையில் ஒரு கன்னி இறந்தால், அவருடைய வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதி மற்றக் கார்மேல் மடங்களுக்கெல்லாம் அனுப்புவது வழக்கம். நம் குடும்பங்களில் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அச்சிடுகிறோமே, ஏறக்குறைய அதைப்போன்றது. தெரேசாவைப் பற்றி எழுத என்ன இருக்கப்போகிறது என்று ஒரு சகோதரி வியந்ததும் உண்டு. 1897 சூன் 2 இரவு, பவுலின் அப்போதைய தலைவியான மரிய கொன்சாகா அன்னையிடம் சென்றார். முதல் நோட்டில் துறவு வாழ்க்கையைப் பற்றி அதிகம் இல்லை, இறப்பு மடலுக்கு அது போதாது, இன்னும் எழுதச் சொல்லவேண்டும் என்று வேண்டினார். மறுநாளே கட்டளை பிறந்தது.

சாகக் கிடக்கும் ஒருவரை, அவருடைய இறப்பு மடலுக்காகவே எழுதச் சொல்வதா என்று நமக்கு உறுத்தலாம். தெரேசாவுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. தந்தையார் நோயுற்றபோது பயன்படுத்திய சக்கர நாற்காலியில் தோட்டத்தில் அமர்ந்து எழுதினார். அவ்வழியே போகும் சகோதரிகள் நின்று ஆறுதல் பேசுவார்கள், நோட்டு மூடப்படும், போனபின் மீண்டும் திறக்கப்படும். அப்படிப்பட்ட நிலையில்தான் தம் விசுவாச இருளைப் பற்றித் துணிந்து எழுதினார். இன்னும் எழுதினால் இறைவனைப் பழித்ததாகிவிடுமோ என்றஞ்சி நிறுத்தியும் கொண்டார். சூலை தொடக்கத்தில் பேனாவைப் பிடிக்க வலுவில்லாமல் பென்சிலால் எழுதினார். பின்பு அதுவும் முடியவில்லை. சூலை 8 அன்று நோயாளர் அறைக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 30 அன்று இறந்தார். வயது இருபத்து நான்கு.

இறக்குமுன், தம் எழுத்துக்களில் வேண்டியதைச் சேர்க்கவும் நீக்கவும் பவுலினுக்கு அவர் உரிமை தந்திருந்தார். அந்த உரிமையைப் பவுலின் தாராளமாகவே பயன்படுத்தினார். பிழை திருத்தினார், அதிகாரம் பிரித்தார், நடையை மாற்றினார். மாற்றங்கள் ஏறத்தாழ 7000 என்பர். மரிய கொன்சாகா அன்னையும் ஒரு நிபந்தனை விதித்தார்: மூன்று பகுதிகளும் தமக்கே எழுதப்பட்டவைபோல் தோன்றவேண்டும். அப்படியே செய்யப்பட்டது. பிரமோந்திரே சபையைச் சேர்ந்த மதலேன் அடிகளார் படித்துப் பார்த்தார். 1898 மார்ச்சில் ஆயரின் அனுமதி கிடைத்தது. மருந்துக்கடை வைத்திருந்த தாய்மாமன் கெரேன் அச்சுச் செலவை ஏற்றார். இறந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில் 'ஓர் ஆன்மாவின் வரலாறு' 2000 படிகளாக வெளிவந்தது. மடங்களுக்குச் சில பக்க மடலுக்குப் பதிலாக 475 பக்க நூல் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே மறுபதிப்பு வேண்டியதாயிற்று. மடங்களில் படித்தவர்கள் உறவினருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் குருக்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார்கள். 1925-இல் புனிதர் பட்டம். 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம்.

பவுலினைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் இல்லையேல் நூலே இல்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் படித்தது அக்காள் செப்பனிட்ட தங்கையைத்தான். மூல நோட்டுகளை உள்ளபடி வெளியிடவேண்டுமென்ற கோரிக்கை வலுத்துவந்தது. பவுலின் 1951-இல் தம் எண்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். அதன்பின் கார்மேல் சபையைச் சேர்ந்த பிரான்சுவா அடிகளார் அழித்தெழுதிய இடங்களையெல்லாம் ஆராய்ந்து, 1956-இல் தெரேசாவின் கையெழுத்துப் பக்கங்களையே படமெடுத்து வெளியிட்டார். எழுத்துப் பிழைகள் அங்கே அப்படியே இருக்கின்றன. கடைசி நோட்டின் இறுதிப் பக்கங்களில் மை முடிந்து பென்சில் கோடு தொடங்கும் இடமும் தெரிகிறது.