குளிர் தந்த மேதை... கூடவே வினையும்!



ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும்னு சங்கத்தில் கேட்டபோது எடிசன், சர் சி.வி. ராமன், அப்துல் கலாம் என்று ஆளுக்கொருவரை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தவர் நம்ம மெக்கானிக்கல்காரர். அவர்தான் தாமஸ் மிட்ஜ்லி!

ஏன் அவர்? சொல்கிறேன். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே அரசு கொடுத்த ஃபேன்தான் சுற்றுகிறது. அப்பா கரும்பு வெட்டப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். போன கோடை விடுமுறையில் கைச்செலவுக்காக ஒரு கார் ஏசி பட்டறையில் உதவியாளாக நின்றேன். கேஸ் அடிக்க ஒரு கார் வந்தது. உள்ளே மிச்சம் இருந்த பழைய கேஸைத் திறந்துவிடச் சொன்னார்கள். திறந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், விரலில் ஜில்லென்று ஒரு காற்று, அவ்வளவுதான். அந்தக் காற்று எங்கே போனது என்று தேடிப் படித்தபோது கிடைத்தவர்தான் மிட்ஜ்லி.

மிட்ஜ்லி 1889 மே 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையும் ஒரு கண்டுபிடிப்பாளரே. 1911இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். படித்தது இயந்திரவியல், பேர் வாங்கியது வேதியியலில்! 1916இல் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வசம் வந்தது.

அக்காலக் கார் இன்ஜின்களுக்கு நாக்கிங் ஒரு பெரிய தலைவலி. பல வருடம் பலவற்றையும் கலந்து பார்த்து, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தை மிட்ஜ்லி கண்டுபிடித்தார். பெட்ரோலில் துளி சேர்த்தாலே நாக்கிங் அடங்கியது. ஆனால் ஈயம் நஞ்சு. 1923இல் அவருக்கே உடம்பு கெட்டு ஓய்வுக்குப் போனார். 1924இல் அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் மூளை கலங்கி இறந்தார்கள். அப்படியும் அதே ஆண்டு அக்டோபரில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, முகர்ந்தும் காட்டினார், ஆபத்து இல்லை என்று நம்ப வைக்க! அந்த ஈயம் உலகமெங்கும் புகையாக வந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் ஈய பெட்ரோல் நின்றது. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

அடுத்தது குளிர். 1920களின் ஃபிரிட்ஜுகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவைதான் ஓடின. குழாய் கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிருக்கே உலை. நஞ்சில்லாத, தீப்பிடிக்காத ஒரு கேஸ் வேண்டும் என்று 1928இல் கெட்டரிங் கேட்டார். மிட்ஜ்லியும் ஆல்பர்ட் ஹென்னும் தனிம அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, சில நாட்களிலேயே விடை கண்டார்கள். அதுதான் ஃப்ரியான், நம்ம பாடப்புத்தகத்து ஆர்-12! 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் வியந்தது. பிற்பாடு கார் ஏசிக்குள்ளும் அதே கேஸ்தான் ஏறியது.

1940இல் போலியோ தாக்கி அவர் கால்கள் முடங்கின. சும்மா இருப்பாரா? கட்டிலிலிருந்து தன்னைத் தூக்கிவிடக் கயிறும் கப்பியும் வைத்து ஒரு சாதனம் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிற்றிலேயே கழுத்து சிக்கி இறந்தார். வயது 55. அந்த ஆண்டு அவர்தான் அமெரிக்க வேதியியல் சங்கத் தலைவர்.

அவர் போன பிறகுதான் ஃப்ரியானின் கதை வெளியே வந்தது. 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள், இந்தக் கேஸ் மேலே போய்ச் சிதைந்து அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே, 1975இல், இதன் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பல்லாயிரம் மூலக்கூறுகள் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்று கண்டவர் யார் தெரியுமா? நம்ம தமிழர் வீரபத்ரன் ராமநாதன்! சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். நம்ம ஊரும் சிதம்பரமும் ஒரு காலத்தில் ஒரே தென்னாற்காடு மாவட்டம். பள்ளியில் தமிழிலிருந்து திடீரென ஆங்கிலத்துக்கு மாறித் திண்டாடியவர் என்று படித்தபோது, முதல் செமஸ்டரில் நான் பட்ட பாடு ஞாபகம் வந்தது. அவருடைய ஆரம்ப வேலையே செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில், கேஸ் கசிவைப் பார்ப்பதுதான்!

1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 ஒழிந்து கார்களில் ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைத் தின்னாது. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு சூடாக்கும். ஒரு காரில் 500 கிராம் என்று வைத்தால் 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 300 லிட்டர் பெட்ரோல் எரிப்பதும் இதுவும் ஒன்று. அப்பாவின் மொபெட்டுக்கு மாதம் 10 லிட்டர் என்றால் இரண்டரை வருட ஓட்டம்!

முறை என்ன? பழைய கேஸை ரெக்கவரி மெஷினால் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கேஸும் அதே வழியில் போய்விடும். வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். ஈரம் தங்கினால் வால்வில் ஐஸ் கட்டும், கம்ப்ரசரும் அரிக்கும். அதன் பிறகு, பானெட் ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் பார்த்து ஏற்ற வேண்டும். குத்துமதிப்பு கூடாது.

மிட்ஜ்லியை மேதை என்பதா, பாவி என்பதா? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஃப்ரியானில் அவர் தெரியாமல் செய்தார், மன்னிக்கலாம். ஈயத்தில் தெரிந்தே மறைத்தார், அதை மன்னிக்க மனசு வரவில்லை. போன கோடையில் அந்தக் குழாயைத் திறந்தபோது எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். இந்த விடுமுறையில் திரும்ப அதே பட்டறைக்குத்தான் போகப் போகிறேன். சிலிண்டரில் பிடித்துவிடலாமா அண்ணா என்று கேட்கப் போகிறேன். வேலை போனாலும் போகட்டும். நாளை நீங்களும் ஏதாவது ஒரு பட்டறையில் நிற்பீர்கள். கேட்பீர்கள்தானே நண்பர்களே?

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை