கேதீச்சரத்துக்குக் காத்திருந்த நாவலர் பெருமான்

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் 18.12.1822இல் மகனாகத் தோன்றியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவர் ஆக்கி வைத்தவற்றைக் கார்த்திகை மகந்தோறும் சைவ உலகம் போற்றுகின்றது. அவர் விரும்பியும் தம் கண்ணாற் காணாதவையும் சிலவுண்டு. அவற்றை நினைப்பவர் குறைவு.

பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர் நாவலர். மதிப்பும் வருவாயும் உள்ள அந்த உத்தியோகத்தை 1848இல் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. கையிலே பொருளில்லை. உலையில் அரிசி இடுமுன் தாய்மார் எடுத்து வைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளிக்கு உதவியது.

1872இல் சைவப் பிள்ளைகள் ஆங்கிலமும் கற்கவேண்டுமென்று இன்னொரு பாடசாலை திறந்தார். பொருள் முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளிலே மூடப்பட்டது.

அதே 1872இல் அவர் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரம் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தை மீள எழுப்புமாறு சைவ மக்களை வேண்டியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகக் காடு மூடிக் கிடந்தது. கீரிமலைச் சிவன் கோயிலும் மீள வேண்டுமென்பது அவர் விருப்பம். ஏழாண்டுகள் கழிந்தன; கேதீச்சரத்துக் காடு வெட்டப்படவில்லை.

அந்த ஏழாண்டுகளை நாவலர் வீணே கழிக்கவில்லை. 1876, 1877ஆம் ஆண்டுகளிலே பஞ்சமும் கொள்ளைநோயும் குடாநாட்டை வாட்டியபோது, கோயில் கட்டப் பொருள் கேட்ட அதே வாய் ஏழைகளின் கஞ்சிக்காகவும் கேட்டது. கஞ்சித்தொட்டித் தருமம் நடந்தது. சிவபூசையும் தவறாது நடந்தது.

1879 ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையிலே, வண்ணார்பண்ணை வித்தியாசாலையில் அவர் நிகழ்த்தியதே கடைசிப் பிரசங்கம். சுந்தரர் வரலாற்றை அவர் நன்கறிவார். பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டவரல்லவா? கண்ணிழந்த சுந்தரர் தலந்தோறும் முறையிட்டு நடந்தார். ஒரு கண் காஞ்சியிலே கிடைத்தது. மற்றக் கண்ணுக்குத் திருவாரூர்வரை நடக்கவேண்டியிருந்தது. தோழனென்று அழைக்கப்பட்டவருக்கே இறைவன் பாதியைத் தந்து மீதிக்குக் காக்க வைத்தான்! ஆனாலும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை, இறைவனும் கைவிடவில்லை.

5.12.1879இல், கார்த்திகை மகத்தன்று, நாவலர் சிவபதமடைந்தார். அன்று கேதீச்சரம் காடாகவே இருந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாக நடந்தது. 1888இல் தோன்றிய சைவ பரிபாலன சபை 1890இல் இந்துக் கல்லூரியை அமைத்தது. கீரிமலைக் கோயில் 1890களில் எழுந்தது. 1893இல் கேதீச்சரத்துக் காட்டு நிலம் ஏலத்திலே வாங்கப்பட்டது. 1903இல் அங்கே சிறு கோயிலொன்று குடமுழுக்குக் கண்டது. பிரசுரம் வெளிவந்து முப்பத்தோராண்டுகள் ஆகியிருந்தன. 1976இலே கோயில் விரிந்து மறுபடி குடமுழுக்கு நடந்தது. பின்னர் போர் வந்தது, அடியார்கள் சிதறினர், வழிபாடு தடைப்பட்டது. மீண்டும் கருங்கல்லாற் புதுக்கப்பட்ட திருக்கேதீச்சரத்திலே 2022 யூலை 6ஆம் நாள் குடமுழுக்கு நிறைவேறியது.