காசு தேடிய கனவான் சர் வால்டர் எலியட்

தேனாம்பேட்டையில் வாழும் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். பூஜை அறையிலிருந்த சிறு செப்புப் பேழையைத் திறந்து காட்டினார். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாட்டனார் காலத்தில் வந்த பழங்காசுகள் அதில் இருந்தன. ஆண்டுதோறும் புளியிட்டுத் துலக்கியதால் எழுத்தும் உருவும் தேய்ந்து, அவை வெறும் தகடுகளாகிவிட்டிருந்தன. பக்தியுடன் செய்த காரியமாதலின் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், தென்னாட்டுக் காசுகள் தட்டாரின் உலையில் உருகிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் படித்த வால்டர் எலியட் என்னும் ஸ்காட்லாந்துக் கனவானின் நினைவு அன்று முழுதும் நம்மை விட்டு அகலவில்லை.

பெசன்ட் நகரிலுள்ள எலியட்ஸ் கடற்கரை இவர் பெயரால் அமைந்தது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது சென்னையில் நீதிபதியாக விளங்கிய எட்வர்ட் எலியட்டின் பெயர். நாம் கூறவந்தவர் வேறு.

வால்டர் எலியட் 1803 ஜனவரி 16இல் எடின்பரோவில் பிறந்தார். ஹெய்லிபரியில் கம்பெனியாரின் கல்லூரியில் பயின்று, 1821இல் சென்னைக்கு வந்தார். இங்குள்ள மொழிகளை இளம் அதிகாரிகளுக்குக் கற்பிக்கும் பொருட்டுக் கோட்டைக் கல்லூரியை நிறுவிய எல்லிஸ் துரை, அதாவது நம்மவர் எல்லீசர் என்று அழைத்த பெருந்தகை, அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1819இல், இராமநாதபுரத்தில் காலமாகியிருந்தார். ஒருவரையொருவர் காணாத இவ்விருவரின் தொடர்பு எலியட்டின் கடைசி நாள்வரை நீண்டதைப் பின்னர்க் காண்போம்.

சேலத்தில் சிறிதுகாலம் பணியாற்றிய எலியட், தார்வாட்டிற்கு மாற்றப்பட்டார். 1824இல் கித்தூர் அரசி சென்னம்மாவின் படையினர் கம்பெனிப் படையை முறியடித்தபோது ஆட்சியர் தாக்கரே மாண்டார். எலியட் சிறைப்பட்டுச் சில வாரங்களுக்குப் பின் விடுதலை பெற்றார். வேறொருவராயிருப்பின் அந்நாட்டையே வெறுத்திருப்பார். இவரோ அங்கேயே 1833 வரை தங்கி, ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படியெடுப்பித்தார். அவ்வாறு சேர்ந்தவை 595. கன்னட நாட்டின் பசதிகளுக்கு மன்னர்களும் வணிகர்களும் அளித்த கொடைகளைக் கூறும் சாசனங்கள் நிறைந்த பகுதி அது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

காசுகளின்மீது இவருக்கு ஏற்பட்ட பற்று இதனோடு பிணைந்தது. கல்வெட்டு அரசனின் பெயரைத் தரும். காசோ பெரும்பாலும் பெயர் தராது. பன்றி உருவம் இருந்தால் சாளுக்கியர், இரட்டைக் கயல் இருந்தால் பாண்டியர், புலியோடு கயலும் வில்லும் சேர்ந்திருந்தால் சோழர் என்று குறியைக் கொண்டே உய்த்துணர வேண்டும். எடையைப் பார்க்க வேண்டும். எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டறிய வேண்டும். கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. அத்தகைய காசு பொன்னாயிருப்பின் அதற்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. புதையல் கண்டவன் அஞ்சி அதை உருக்கிவிடுவான். வராகன் ஒன்று உருகினால் மூன்றரை கிராம் பொன்னுக்குச் சேதமில்லை. அதன் வரலாறுதான் போயிற்று.

எலியட் ஆளுநரின் அந்தரங்கச் செயலராகவும், பின்னர் வடசர்க்கார் மாவட்டங்களின் ஆணையராகவும் உயர்ந்தார். 1845இல் அமராவதியில் அகழ்ந்து சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை பின்னர் இலண்டனுக்குச் சென்றது பலரும் அறிந்த கதை. 1854 முதல் 1860 வரை ஆளுநர் சபையில் உறுப்பினராக இருந்த நாட்களில், சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் காசுகளைப்பற்றிக் கட்டுரைகள் எழுதினார். விலங்கியலிலும் வல்லவர், தென்னாட்டு மர மூஞ்சூறு இன்றும் அறிவியலில் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1860இல் ஓய்வு பெற்று, உல்ஃப்லீ என்னும் தம் சொந்த ஊருக்குத் திரும்பினார். காசுகளைப்பற்றிய முழுநூல் அப்போதும் எழுதப்படவில்லை. ஆண்டுகள் கழிந்தன, கண்ணொளி மங்கத் தொடங்கியது. இறுதி ஆண்டுகளில் ஏறக்குறையப் பார்வையே இல்லை. தேய்ந்த காசில் ஒரு கோட்டைக் காண நல்ல கண் உடையவர்களே உருப்பெருக்கியை நாடும்போது, கண்ணற்ற முதியவர் என் செய்வார்? நாற்பதாண்டுப் பயிற்சி நினைவில் இருந்தது. பிறரைக் கொண்டு படிப்பித்தும் எழுதுவித்தும் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலை முதிர்ந்த வயதில் முடித்தார். 1885-86இல் அது இலண்டனில் வெளிவந்தது.

பிழைகள் இல்லாமல் இல்லை. சோழமண்டலக் கரையில் கிடைத்த, இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த ஈயக் காசுகளைக் குறும்பருக்கும் பல்லவருக்கும் உரியன என்றார். அவை சாதவாகனருடையவை எனப் பின்வந்தோர் நிறுவினர். ஆயினும் திருத்துவதற்கு ஒரு நூல் இருந்தது என்பதை மறத்தலாகாது. சென்னையில் அக்காலத்தில் ஆர்வலர் குழாம் ஒன்று மெல்ல உருவாயிற்று. வராகன்களைப்பற்றி பிடி என்பவர் 1883இல் எழுதினார். திருநெல்வேலிக் காசுகளை லோவந்தால் பாதிரியார் 1888இல் தொகுத்தார். காசு சேர்ப்போருக்கெனவே ஒரு கைந்நூலை டஃப்னெல் 1889இல் வெளியிட்டார். நம்மவரும் பின்தங்கவில்லை, ரங்காச்சாரியும் தேசிகாச்சாரியும் தரங்கம்பாடி டேனிஷ் காசுகளை ஆராய்ந்தனர். தேசிகாச்சாரியின் தென்னிந்திய நாணய நூல் 1933இல் வந்தது.

இனி எல்லீசருக்கு வருவோம். தேனாம்பேட்டையை அடுத்த இராயப்பேட்டையில், பெரியபாளையத்தம்மன் கோயிலில், 1818இல் அவர் கிணறு வெட்டுவித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அவர் மறைந்தபின் அவருடைய தாள்கள் மதுரையில் சமையற்காரனின் அடுப்புக்கு இரையாயின என்று எலியட் வருத்தத்துடன் பதிவு செய்தார். எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தும் வைத்திருந்தார். குடையின் கீழ் அமர்ந்த துறவியின் உருவம் கொண்ட பொற்காசு ஒன்றை, எல்லீசர் காலத்தில் அச்சிட்ட திருவள்ளுவர் காசு என்று ஐராவதம் மகாதேவன் 1990களில் அடையாளம் காட்டினார். குறளை ஏலாசாரியர் அருளியது என்னும் மரபில் வளர்ந்த நமக்கு, அக்கோலத்தைக் காணுங்கால் நம் முனிவர்களே நினைவுக்கு வருகின்றனர்.

1887 மார்ச் 1 அன்று காலை, எலியட் ஜி.யு. போப் ஐயருக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்துத் தம் கையாலேயே ஒப்பமிட்டார். போப்பின் திருக்குறள் பதிப்பு வரவிருக்கும் செய்தியை முதல்நாள் பிறர் படிக்கக் கேட்டு மகிழ்ந்ததைத் தெரிவித்து, தம்மிடமுள்ள எல்லீசரின் சிதறிய தாள்களுக்கு ஏதேனும் பயன் காண இயலுமா என்று வினவியிருந்தார். அன்று மாலையே அமைதியாக உயிர்நீத்தார். அத்தாள்கள் போப்பின் வழியாக ஆக்ஸ்போர்டிலுள்ள பாட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன. அவர் சேர்த்த காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.