பத்து விரல்களும் தம்பி நாயுடுவும்

இலங்கையில் 2015 ஓகஸ்ட் முதல் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் கைவிரல் அடையாளம் கொடுக்கவேண்டும். அரச அலுவலகங்களில் வரவைப் பதிவதற்கும் விரல் வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. இப்போது முகம், விரல்கள், கருவிழி மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய அரசின் நிதியுதவியோடு நடக்கிறது. பாலையூற்றில் எனக்குத் தெரிந்தவர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், பிழை செய்யாதவனுக்கு இதில் என்ன பயம் என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருபவர் கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு. தென்னாபிரிக்க இந்தியர் வரலாற்றில் காந்திக்கு அடுத்து உடனே வரும் பெயர்களில் ஒன்று. ஆனால் எங்கள் பாடப்புத்தகங்களில் நான் அவரைச் சந்தித்ததில்லை.

1875 இல் மொரிஷியஸில் பிறந்தவர். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். இளம் வயதிலேயே தென்னாபிரிக்காவுக்கு வந்து, ஜொகன்னஸ்பேர்க்கில் சரக்கு வண்டித் தொழில் நடத்தினார். பெரிய படிப்பு இல்லை. ஆனால் தமிழ், தெலுங்கு, ஹிந்துஸ்தானி, ஆங்கிலம், மொரிஷியஸின் கிரியோல் எல்லாம் அவருக்குப் பேச வரும். கோபக்காரர் என்றும், அஞ்சாதவர் என்றும் காந்தி அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1906 ஓகஸ்டில் ட்ரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. எட்டு வயதைத் தாண்டிய ஆசியர்கள் எல்லோரும் பெயரைப் பதிந்து பத்து விரல்களின் அடையாளத்தையும் கொடுக்கவேண்டும். பதிவுச் சான்றிதழை எந்தப் பொலிஸ்காரரும் எந்த இடத்திலும் கேட்கலாம். காட்டாவிட்டால் அபராதம், சிறை, நாடுகடத்தல். சட்டவிரோதமாக வருபவர்களைப் பிடிக்கத்தான் இது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் வெள்ளையரிடம் விரல் அடையாளம் கேட்கப்படவில்லை. அந்தக் காலத்தில் பத்து விரலையும் கொடுப்பது குற்றவாளிகளின் வேலை. வங்காளப் பொலிஸில் 1897 அளவில் உருவான அந்த முறையைத் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுவந்ததில் எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேய அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. கணக்கைச் செய்து கொடுத்தவர்களில் அசிசுல் ஹக் என்ற வங்காளியும் இருந்தார். அந்த முறைக்குப் பெயர் ஹென்றியின் பெயர்தான்.

போர்க்காலத்தில் திருகோணமலையில் வளர்ந்த எனக்கு அந்தச் சட்டத்தை விளக்க அதிகம் தேவையில்லை. அடையாள அட்டை இல்லாமல் வீதிக்கு இறங்கமுடியாத காலம் அது. வடக்குக் கிழக்கில் கொடுத்த அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. மற்ற மாகாணங்களில் கொடுத்ததில் சிங்களம் மட்டும். அட்டையை நீட்டியதுமே சோதனைச்சாவடியில் எங்கள் ஊர் தெரிந்துவிடும். அட்டை உண்மையைத்தான் சொல்லியது. அந்த உண்மையை வைத்து என்ன செய்வது என்பதை மறுபக்கம் நின்றவர் தீர்மானித்தார்.

1907 இல் சட்டம் நிறைவேறியது. ஜூலையில் பதிவு அலுவலகங்கள் திறந்தன. நாயுடு மறியல் தொண்டர்களுக்குத் தலைவரானார். பதியப் போகிறவர்களைத் தொடக்கூடாது, திட்டக்கூடாது, பேசிப் பார்க்கலாம் என்பது விதி. சுமார் 13,000 ஆசியர்களில் 500 பேரளவில்தான் பதிந்தார்கள். அரசு கைதுகளில் இறங்கியது. நாயுடுவும் காந்தியும் சிறைக்குப் போனார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1908 ஜனவரி 28 அன்று சிறைக்குள்ளிருந்து ஒரு கடிதம் போனது. காந்தி, நாயுடு, சீனர்களின் தலைவர் லியூங் குவின் மூவரும் கையெழுத்திட்டார்கள். கட்டாயத்தை நீக்கினால் நாங்களாகவே பதிவோம் என்பது அதன் சாரம். பெப்ரவரி 10 அன்று காந்தியும் நாயுடுவும் ஈசப் மியாவும் பதிவு அலுவலகத்துக்கு நடந்தார்கள். தாங்கள் காட்டிக்கொடுக்கப்பட்டதாக நினைத்த மீர் ஆலமும் கூட்டாளிகளும் வழியில் காந்தியைத் தாக்கினார்கள். தடுக்கப் போன நாயுடுவுக்கும் அடி விழுந்தது. காயப்பட்ட காந்தி படுக்கையில் இருந்தபடியே விரல் அடையாளம் கொடுத்தார்.

எதிர்த்தவர்கள் தாங்களாகவே விரல் கொடுக்கப் போனது ஏன்? அவர்கள் சண்டை விரலோடு அல்ல, கட்டாயத்தோடு. மக்கள் பதிந்தால் சட்டம் நீங்கும் என்று காந்தி தரப்பு நம்பியது. அமைச்சர் ஸ்மட்ஸ் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்றார். சட்டம் நீங்கவில்லை. பதிந்த விரல்கள் மட்டும் அரசிடம் இருந்தன. 1908 ஓகஸ்ட் 16 அன்று ஜொகன்னஸ்பேர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள்.

சான்றிதழை எரிக்கலாம். பதிவேட்டில் உள்ள விரலை எரிக்கமுடியாது. ஒரு கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், விரலை மாற்றமுடியாது என்று இன்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்வதும் இதைத்தான்.

அதன்பிறகு நாயுடுவின் வாழ்க்கை சிறைக்கும் வீட்டுக்கும் இடையில் போனது. 14 தடவை சிறை சென்றார். தொழில் படுத்தது. 1913 இல் மூன்று பவுண் வரிக்கும், இந்தியத் திருமணங்களைச் செல்லாததாக்கிய நீதிமன்றத் தீர்ப்புக்கும் எதிராகப் போராட்டம் விரிந்தபோது, பதினொரு பெண்களோடு நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். அந்தப் பெண்களில் அவர் மனைவி வீரம்மாளும் ஒருவர். சிலர் கைக்குழந்தைகளோடு சிறைக்குப் போனார்கள்.

1914 இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது, திருமணங்களை ஏற்றது. பெருவிரல் அடையாளம் உள்ள வதிவிடச் சான்றிதழை, நாட்டுக்குள் வரும் உரிமைக்கு ஆதாரமாகவும் ஏற்றது. அதாவது விரல் ஒழியவில்லை. ஆளைப் பிடிக்க எடுத்த அடையாளம் இங்கே ஆளின் உரிமைக்குச் சாட்சியானது.

நாயுடு 1933 இல் இறந்தார். அவர் பேரன் இந்திரஸ் நாயுடு நிறவெறி ஆட்சியில் பத்து வருடம் ரொபன் தீவில் சிறையிருந்தார். அந்த ஆட்சி கறுப்பின மக்கள் கையில் திணித்த பாஸ் புத்தகங்களுக்கும் விரல் அடையாளம்தான் அடிப்படை.

ஆகவே பிழை செய்யாதவனுக்கு என்ன பயம் என்பது போதாத கேள்வி. கொடுக்க மறுத்தால் என்ன நடக்கும், கொடுத்ததை யார் பார்க்கலாம், வாக்கு மீறப்பட்டால் எங்கே முறையிடுவது என்று கேட்கவேண்டும். எங்களிடம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உடலிலிருந்து எடுக்கும் அடையாளங்களுக்கு அது தனிக் காப்புக் கொடுக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பிரிவுகள் பிற்போடப்பட்டன. விரல்களைச் சேர்க்கும் வேலை அதற்காகக் காத்திருக்கவில்லை. தம்பி நாயுடு விரல் கொடுக்கத் தயாராக இருந்தவர். வாக்கைக் காப்பாற்றும் வழி முதலில் வரவேண்டும் என்பதை அவர் காலம் அடி வாங்கித் தெரிந்துகொண்டது.